நாலு டிஸ்க்கும் குங்குமப் பொட்டும்

ஓய்வு பெற்ற பிறகு யாரும் என்னிடம் யோசனை கேட்க மாட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதி நான்கு மாதம் நீடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் சம்பந்தி குருசாமி திருச்சுழியிலிருந்து பஸ் மாறி எங்கள் ஊர் பாலவனத்தத்துக்கு வந்து இறங்கினார். அவருடைய மகனுக்குத்தான் என் மகளைக் கொடுத்திருக்கிறேன். சொல்லாமல் கொள்ளாமல் சம்பந்தி வந்து நின்றால் எந்த வீட்டிலும் பெண்ணுக்கு என்ன ஆச்சோ என்றுதான் நினைப்பார்கள். என் மனைவி தமிழரசி தண்ணீர்ச் செம்போடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவரோ கையிலிருந்த துணிப்பையைத் தரையில் வைத்து, உள்ளே இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே அடுக்கினார். அத்தனையும் ஹார்ட் டிஸ்க். எண்ணிப் பார்த்தேன், பதினாறு.

“புள்ளைக நல்லா இருக்குதுகளா?” என்றாள் தமிழரசி.

“அதுகளுக்கென்ன, நல்லா இருக்குதுக. எனக்குத்தான் ஒரு வேலை ஆகணும்” என்றார் குருசாமி. தமிழரசிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. காபி போட உள்ளே போனாள்.

குருசாமி முப்பது வருடத்துக்கு மேல் போட்டோ ஸ்டுடியோ நடத்தியவர். சமீபத்தில் கடையைக் காலி செய்து சாமான்களை வீட்டு முன்னறைக்குக் கொண்டுவந்துவிட்டார். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, பள்ளிக்கூட குரூப் போட்டோ என்று சுற்றுவட்டாரத்தில் அவர் எடுத்த எல்லாம் இந்தப் பதினாறு டிஸ்க்குகளில் சிதறிக் கிடந்தன.

“எல்லாத்தையும் ஒரே எடத்துல வைக்கணும் சம்பந்தி. வீட்டுலயே சர்வர் மாதிரி ஒரு பெட்டி வைக்கப் போறேன். நாலு டிஸ்க் போடுற பெட்டி. மூணு டிஸ்க்கோட எடம் கிடைக்குமாம், நாலுல ஒண்ணு செத்தாலும் ஒரு போட்டோ போகாதாம். எல்லாம் விசாரிச்சு முடிவு பண்ணிட்டேன். நீங்க என்ன சொல்றீக?”

முடிவு செய்துவிட்டு யோசனை கேட்பது சம்பந்திகளுக்கு உள்ள உரிமை. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் இதில் ஏன் இவ்வளவு அக்கறையாக இருந்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் தனக்கென்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளாமலே வாழ்ந்து முடித்துவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆதார் அட்டையில் இருப்பதுதான் ஒரே படம். அதைப் பார்த்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. ஆள் போன பிறகு வீட்டார் குருசாமியைத் தேடி வருவார்கள். “எங்க அய்யா யார் வீட்டுக் கல்யாணத்துலயாவது நின்னுருப்பாக, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க” என்பார்கள். அவரும் உட்கார்ந்து தேடுவார். பந்தியில், கூட்டத்தில், மணமகளின் தோளுக்குப் பின்னால் எங்காவது அந்த முகம் இருக்கும். அதைப் பெரிதாக்கி, துலக்கி, சட்டகம் போட்டுக் கொடுப்பார். அந்தப் படங்கள் போனால் அந்த முகங்கள் வேறு எங்கும் இல்லை.

ஆகவே விஷயம் விளையாட்டில்லை. நாலு டிஸ்க் பெட்டியை நம்பி அவர் நிம்மதியாகத் தூங்கப் போகிறார் என்பதுதான் எனக்கு உறுத்தியது. “வேண்டாம்” என்று சொல்லலாம். ஆனால் ஏன் என்று கேட்பாரே? அதற்கு என்னிடம் இருந்த பதில், நான் கம்பெனிக்கு வெளியே யாரிடமும் சொல்லாத ஒரு கதை. உள்ளே காபி போட்டுக்கொண்டிருந்த தமிழரசிக்கும் சொல்லாதது. மற்றவர்கள் தங்கள் சாமர்த்தியத்தைச் சொல்லி யோசனை கூறுவார்கள். என்னிடம் இருந்ததோ ஒரு தப்பு. அன்று அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் எனக்கு முந்திய தலைமுறை வரை எல்லாரும் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தவர்கள். ஸ்க்ரூ டிரைவர் பிடித்த முதல் கை என்னுடையதுதான். டிப்ளமா முடித்தேன், ரேடியோ பார்த்தேன், டிவி பார்த்தேன், டிவிக்கு வேலை குறைந்ததும் கம்ப்யூட்டருக்குத் தாவினேன். நாற்பது வயதில் அருப்புக்கோட்டையில் சேலை நெய்கிற ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்தேன். தற்காலிக வேலை. ஒரு வருடம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். நாற்பது வயதில் தற்காலிகம் என்று வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கும். யாராவது கேட்டால் ‘கம்பெனியில் இருக்கிறேன்’ என்று மட்டும் சொல்லிவைப்பேன்.

பிரிவுக்குத் தலைமை ஸ்டெல்லா மேடம். காரியாபட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். என்னைவிட இரண்டு வயது இளையவர். குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த இயந்திரம் பழுது என்றாலும், அதன் முன்னால் போய் உட்கார்ந்ததும் நாற்காலியை ஓர் அடி பின்னால் தள்ளிக்கொள்வார். கீபோர்டு கைக்கு எட்டாத தூரம். பிறகு நீள நோட்டு ஒன்றைத் திறந்து, திரையில் என்ன எழுதியிருக்கிறதோ அதை எழுத்து மாறாமல் எழுதுவார். பக்கத்தில் மணியையும் குறிப்பார். அதற்குப் பிறகு மூன்று கேள்வி கேட்பார்: “கடைசியா எப்ப நல்லா ஓடுச்சு? அதுக்கப்புறம் யாரு தொட்டாக? என்னத்தத் தொட்டாக?” இது முடியாமல் ஒரு பொத்தானைக்கூட அமுக்க விடமாட்டார். அவசரக்காரனான எனக்கு இது பெரிய ரோதனையாக இருந்தது. ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் சரியாகிற விஷயத்துக்கு ஏன் இந்த விசாரணைக் கமிஷன்’ என்று மனதுக்குள் பொருமியிருக்கிறேன்.

அங்கே நாங்கள் காவல் காத்தது சேலை டிசைன்களை. பார்டரில் வருகிற அன்னம், மயில், மாங்காய் எல்லாவற்றையும் முன்பு கட்டம் போட்ட தாளில், கட்டம் கட்டமாக நிறம் தீட்டி வரைவார்கள். பிறகு அதே வேலையைக் கம்ப்யூட்டரில் செய்ய ஆரம்பித்தார்கள். தறி அதைப் படித்துத்தான் எந்த இழையைத் தூக்குவது, எதை விடுவது என்று தெரிந்துகொள்ளும். வரைகிறவர் பிச்சைமணி அண்ணன். அதிகம் பேசாத மனிதர். ஒரு அன்னத்தின் கழுத்து வளைவுக்கு மூன்று நாள் எடுத்துக்கொள்வார். தாளில் வரைந்து வைத்திருந்த பழைய கட்டுகளையெல்லாம் கிடங்கில் கரையான் தின்றுவிட்டது. அதற்குள் அவற்றை அவரே பொறுமையாகக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்ததால் தப்பித்தோம். ஆக, அவர் வாழ்நாளில் வரைந்தது முழுவதும் எங்கள் சர்வரில் இருந்தது. சர்வரில் மட்டுமே இருந்தது.

அந்த சர்வரில் நாலு டிஸ்க். இன்று குருசாமி ஆசைப்படுகிற அதே ஏற்பாடுதான். எந்த டிசைனையும் முழுதாக ஒரே டிஸ்க்கில் வைக்காது. துண்டு துண்டாக்கி நாலிலும் பரப்பி வைக்கும். கூடவே ஒரு சரிபார்ப்புத் துண்டையும் எழுதிவைக்கும். நாலில் ஒன்று செத்துப்போனால், மிச்சம் மூன்றையும் வைத்து செத்ததில் என்ன இருந்தது என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிடும். நல்ல ஏற்பாடு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எந்த டிஸ்க் எந்த இடம் என்ற வரிசை அதற்கு முக்கியம்.

ஸ்டெல்லா மேடம் தனியாக ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று முதலாளியிடம் மூன்று முறை கேட்டிருந்தார். முதலாளி நல்ல மனிதர்தான். “ஒண்ணு போனாலும் ஓடும்னு சொல்லித்தானே நாலு வாங்குனீங்க? அப்புறம் எதுக்கு அஞ்சாவது?” என்று கேட்டுவிட்டார். அந்தக் கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. அன்றைக்கு எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

நான் சேர்ந்து எட்டாவது மாதம் ஆயுத பூஜை வந்தது. கம்பெனி முழுக்கத் துடைத்து, கழுவி, தறிக்கெல்லாம் மாலை போட்டார்கள். கத்தரிக்கோல், ஸ்பேனர், தறி நாடா எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்துவிட்டன. மேடம் அன்றைக்கு விடுமுறை. முதல் நாள் சாயங்காலமே சர்வரை ஒழுங்காக நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நிறுத்தினேன். அதோடு விட்டிருக்கலாம்.

சர்வரை அலமாரியிலிருந்து தூக்கிவர முடியாது. எல்லாருடைய ஆயுதமும் சாமி முன்னால் இருக்கும்போது எங்கள் பிரிவு மட்டும் ஒன்றும் வைக்காமல் நிற்பது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அந்த டிஸ்க்குகள் இழுத்தால் கையோடு வரும்படி தட்டில் பொருத்தப்பட்டவை. நாலையும் உருவினேன். ஈரத்துணியால் தட்டுகளைத் துடைத்தேன். மார்க்கர் பேனாவால் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எழுதியிருந்தது அழுக்கோடு அழுக்காகப் போய்விட்டது. அதை நான் கவனிக்கவே இல்லை. ஒவ்வொன்றுக்கும் சந்தனம் தடவி, நடுவில் குங்குமப் பொட்டு வைத்து, கத்தரிக்கோல்களுக்குப் பக்கத்தில் அடுக்கினேன். பார்க்க அம்சமாக இருந்தது. பூஜை முடிந்தது, பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள். சுண்டலை வாங்கிக்கொண்டு நாலு டிஸ்க்கையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கித் தூக்கிப் போய், கைக்கு வந்தபடி செருகினேன்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரத்தில் வேலை தொடங்க வேண்டும் என்று முதலாளி தேங்காயோடு நின்றார். தறிகள் ஓட ஆரம்பித்தன. நான் சர்வரைப் போட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. பழைய அமைப்பைக் காணவில்லை, புதிதாக உண்டாக்கட்டுமா, ஆம் அல்லது இல்லை என்று கேட்டது. என் விரல் கீபோர்டு வரைக்கும் போய்விட்டது. அந்த நேரத்தில் காரியாபட்டி பஸ் சரியாக வந்தது என் அதிர்ஷ்டம். மேடம் குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தவர் திரையைப் பார்த்தார்.

“கையை எடுங்க” என்றார். நாற்காலியைப் பின்னால் தள்ளினார். நோட்டைத் திறந்தார். எழுதி முடித்ததும் அந்த மூன்று கேள்வி வந்தது.

“கடைசியா எப்ப நல்லா ஓடுச்சு?”

“முந்தாநாள் சாயங்காலம் மேடம். ஒழுங்கா நிறுத்துனேன்.”

“அதுக்கப்புறம் யாரு தொட்டாக?”

“பூஜைக்குச் சுத்தம் பண்ணுனேன் மேடம்.”

“என்னத்தத் தொட்டீக?”

“தூசி தட்டுனேன்” என்றேன்.

பொய் இல்லை. தூசி தட்டியது உண்மைதான். ஆனால் அந்தப் பதில் எவ்வளவு பெரிய பொய் என்று எனக்குத் தெரியும். நாலு மாதத்தில் நிரந்தரம் ஆக வேண்டியவன். வீட்டில் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். நாலு டிஸ்க்கையும் உருவிப் பொட்டு வைத்தேன் என்று சொன்னால் யார் என்னை வைத்துக்கொள்வார்கள்? டிஸ்க் தானாகச் செத்தது என்று ஆகிவிட்டால் யாருக்கும் பழியில்லை. மனம் அப்படித்தான் கணக்குப் போட்டது.

அவர் என் வார்த்தையை நம்பினார். அதுதான் கொடுமை. தூசி தட்டினால் இப்படி ஆகாது, ஆகவே டிஸ்க்குகளை இணைக்கும் கார்டு கெட்டிருக்க வேண்டும், அல்லது ஒரே நேரத்தில் இரண்டு டிஸ்க் போயிருக்க வேண்டும் என்று அந்த வழியில் போனார். கேபிளை மாற்றினார். மின்சாரத்தைச் சோதித்தார். மூடியைத் திறந்து கார்டைப் பார்த்தார். தட்டுகளில் சந்தனத்தின் மஞ்சள் ஒட்டியிருந்தது. பூஜை முடிந்த மறுநாள் கம்பெனியில் சந்தனம் ஒட்டாத இடமே இல்லை என்பதால் அவருக்கு அது வித்தியாசமாகத் தோன்றவில்லை. மத்தியானம் சர்வர் விற்றவர்களுக்குப் போன் போட்டார். சாயங்காலம் நாலு மணிக்கு மதுரையிலிருந்து ஆள் வந்து, புதிதாக உண்டாக்கிச் சரிசெய்து தருவார் என்று சொன்னார்கள். மேடத்துக்கு அதில் சம்மதமில்லை. ஆனால் வேறு வழியும் தெரியவில்லை. அந்த ஆள் வந்து ‘ஆம்’ என்று அமுக்கியிருந்தால் எல்லாம் போயிருக்கும் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

சாப்பாட்டு நேரத்தில் பிச்சைமணி அண்ணன் எங்கள் அறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் தூக்குவாளி. திறக்கவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

“தம்பி, ஒண்ணு கேக்கவா? எல்லாம் போயிருந்தாச் சொல்லிரு. எனக்கு இப்பப் பார்வை முன்ன மாதிரி இல்ல. இன்னைக்கே ஆரம்பிச்சாத்தான் ஒரு நூறாவது வரைய முடியும்.”

அவர் கோபப்பட்டிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். ஆரம்பிக்கிறேன் என்று சொன்னாரே, அதைத் தாங்க முடியவில்லை. நேராக உள்ளே போனேன்.

“மேடம், நாலு டிஸ்க்கையும் நான் வெளிய எடுத்தேன். பொட்டு வச்சு சாமி முன்னால வச்சேன். திரும்ப மாட்டும்போது வரிசை பாக்கல.”

மேடம் பேனாவை மூடினார். என் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று நின்றேன்.

“நாலையும் எடுத்தீகளா?”

“நாலையும் மேடம்.”

“கீழ கீழ போட்டீகளா?”

“இல்ல மேடம். பத்திரமாத்தான் வச்சேன்.”

“அப்ப ஒரு டிஸ்க்கும் சாகல” என்றார். அந்தக் காலையிலிருந்து முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. “இதை ஒம்பது மணிக்கே சொல்லியிருந்தா நானும் சாப்பிட்டிருப்பேன், அந்த அண்ணனும் சாப்பிட்டிருப்பாக. போங்க, போயி அவரைச் சாப்பிடச் சொல்லுங்க.”

அவ்வளவுதான் அவர் என்னைத் திட்டியது. மதுரை ஆளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் அவர் செய்த வேலையை இன்றும் படிப்படியாகச் சொல்ல முடியும். முதலாளியிடம் பேசி, அதே அளவில் நாலு புது டிஸ்க் வரவழைத்தார். பழையது ஒவ்வொன்றையும் அப்படியே புதியதில் ஒரு புள்ளி விடாமல் நகல் எடுத்தோம். அதற்கே பகல் முழுதும் ஆனது. எது எதன் நகல் என்று குழம்பக்கூடாது அல்லவா? மேடம் தறிக்கூடத்திலிருந்து நாலு நிற நூல் வாங்கிவரச் சொன்னார். பழையதிலும் அதன் நகலிலும் ஒரே நிற நூலை முடிச்சுப் போட்டார். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம். பழைய நாலையும் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். “இனிமே என்ன தப்பு நடந்தாலும் நகல்லதான் நடக்கும்” என்றார்.

நாலு டிஸ்க்கை இருபத்துநாலு விதமாக வரிசைப்படுத்தலாம். இருபத்துநாலையும் நிறத்தின் பெயரால் நோட்டில் எழுதினார். மூன்றாம் நாள் காலையில், எதையும் எழுதாமல் படிக்க மட்டும் செய்கிற மென்பொருள் ஒன்றில், நகல்களை வைத்து ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தோம். முதல் எட்டில் ஒன்றும் திறக்கவில்லை. ஒன்பதாவதில் கோப்புகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. நான் கத்தியேவிட்டேன். மேடம் அசையவில்லை. “அண்ணனைக் கூப்பிடுங்க” என்றார்.

பிச்சைமணி அண்ணன் வந்து அன்னப் பார்டரைத் திறக்கச் சொன்னார். படம் வந்தது. குனிந்து பார்த்தார்.

“இது என் அன்னம் இல்ல. கழுத்து ஒரு பக்கம் கிடக்கு, வால் ஒரு பக்கம் கிடக்கு.”

எனக்கு நிறக் கோடுகளாகத்தான் தெரிந்தது. பெயர் சரி, உள்ளே துண்டுகள் மாறிக் கிடந்தன. மேடம் நோட்டில் ஒன்பதுக்கு நேரே கோடு போட்டார். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. அண்ணன் அந்த ஸ்டூலை உள்ளே இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பதினேழாவது வரிசையில் அன்னம் வந்தது. அவர் இன்னும் கிட்டே குனிந்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “சாப்டியா தம்பி?” என்று கேட்டார். மணி பதினொன்றுகூட ஆகவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மேடம் முதலாளிக்கு ஒரு பக்க அறிக்கை கொடுத்தார். ‘பூஜையின்போது எங்கள் பிரிவில் டிஸ்க்குகள் கழற்றப்பட்டன. வரிசையைக் குறித்துவைக்கும் முறையை நான் ஏற்படுத்தியிருக்கவில்லை’ என்று எழுதியிருந்தார். என் பெயர் எங்கும் இல்லை. முதலாளி படித்துவிட்டு, “யாரு கழட்டுனது?” என்றார். ஒரு முறை ஒளிந்தது போதும் என்று, “நான்தான் முதலாளி” என்றேன். அவர் வாயைத் திறந்தார். சாமிக்குப் பொட்டு வைத்தவனை எப்படி வைவது என்று அவருக்குத் தெரியவில்லை. நிமிர்ந்து சரஸ்வதி படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அடுத்த வருஷம் பெட்டிக்கு வெளியில பொட்டு வைங்கப்பா” என்றார். நாலு மாதம் கழித்து என்னை நிரந்தரமும் செய்தார். மேடம் கேட்ட ஐந்தாவது டிஸ்க்கும் அந்த வாரமே வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் நகல் எடுத்து, தெருவுக்கு எதிர்ப்புறம் இருந்த கம்பெனியின் இன்னொரு கட்டடத்தில் கொண்டுபோய் வைப்பது என் வேலை. ஓய்வு பெறும் வரை ஒரு வெள்ளிக்கிழமை தவறவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நகல் ஒரு முறை எங்களைக் காப்பாற்றியது. சில வருடங்கள் கழித்து, அக்னி நட்சத்திர வெயிலில் ஒரு டிஸ்க் நிஜமாகவே செத்தது. ஏற்பாட்டின்படி மிச்ச மூன்றும் ஓடின. புதியதை மாட்டினோம். மூன்றும் தங்களிடம் உள்ளதை ஒரு மூலை விடாமல் படித்து அதை நிரப்ப வேண்டும், பல மணி நேர வேலை. பாதியில் இன்னொன்று மூச்சை நிறுத்தியது. நாலும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை, ஒரே வயது, ஒரே வெயில். மேடம் பதறவே இல்லை. “எதுத்தாப்புல போயி எடுத்துட்டு வாங்க” என்றார்.

இதையெல்லாம் நான் சொல்லி முடித்தபோது குருசாமியின் காபி ஆறிப்போயிருந்தது. தமிழரசி கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

“இத்தனை வருஷமா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. ஆயுத பூஜைக்கு நான் மிக்ஸியைக் கழட்டிக் கழுவுனா மட்டும் சத்தம் போடுவீக” என்றாள்.

குருசாமி அவள் பக்கம் திரும்பிச் சிரித்தார். பிறகு என்னிடம், “அப்ப என்னதான் செய்யச் சொல்றீக?” என்றார். இந்த முறை உண்மையாகவே கேட்டார்.

“முதல்ல இந்தப் பதினாறுலயும் எவ்வளவு இருக்குன்னு பாப்போம்” என்றேன்.

இரண்டு வாரம் ஞாயிறும் திங்களும் அவர் வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். ஒரே கல்யாணம் நாலு டிஸ்க்கில் இருந்தது. பயத்தில் திரும்பத் திரும்ப நகல் எடுத்துத் தள்ளியிருக்கிறார் மனிதர். இரட்டிப்பைக் கழித்தால், எல்லாம் சேர்ந்து பெரிய டிஸ்க் ஒன்றில் முக்கால்வாசிகூட வரவில்லை. ஒரே டிஸ்க்கில் அடங்குவதை எதற்கு நாலில் துண்டு போட வேண்டும்? இரண்டு டிஸ்க் போடுகிற சின்னப் பெட்டி போதும் என்றேன். இரண்டிலும் ஒரே விஷயம் முழுசாக இருக்கும். ஒன்று செத்தால் மற்றது அப்படியே நிற்கும். பெட்டியே கெட்டாலும் டிஸ்க்கை உருவி வேறொன்றில் போட்டுப் படிக்க வழியுண்டு. கணக்கு வேண்டாம், வரிசை வேண்டாம். இரண்டையும் வெவ்வேறு கடையில் வாங்கச் சொன்னேன். கரண்டு போய்ப் போய் வருகிற ஊர் என்பதால் யுபிஎஸ் ஒன்றும் கட்டாயம் என்றேன்.

“ரெண்டு வாங்கி ஒண்ணோட எடம்தானா?” என்று அவர் முகம் சுருங்கியது.

“ரெண்டு இல்ல, மூணு சம்பந்தி. மூணாவது பெட்டிக்குள்ள இருக்காது. என் வீட்டுப் பீரோவுல இருக்கும்.”

“ஏன், என் வீட்டுல பீரோ இல்லையா?”

“உங்க கை அங்க இருக்கே” என்றேன். சம்பந்தியிடம் சொல்லக்கூடாத வார்த்தைதான். என் கையைப் பற்றி அவ்வளவு சொல்லிவிட்ட பிறகு சொன்னதால் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பெட்டிக்குள் இருக்கும் இரண்டாவது டிஸ்க், டிஸ்க் செத்தால்தான் உதவும். நாம் ஒன்றை அழித்தால் அதுவும் கூடவே விசுவாசமாக அழிக்கும். மாதம் ஒரு முறை மகளைப் பார்க்கப் போகும்போது மூன்றாவதைக் கொண்டுபோய் நகல் எடுத்துத் திரும்பக் கொண்டுவருவது என்று பேசிக்கொண்டோம்.

அந்த ஏற்பாடு ஐந்து மாதமாக ஓடுகிறது. போன மாதம் ஒரு காலையில் அவரிடமிருந்து போன் வந்தது.

“சம்பந்தி, ஒரு தப்புப் பண்ணிட்டேன். இரட்டிப்பா இருக்குன்னு நெனச்சு மூணு வருஷக் கல்யாணத்தை மொத்தமா அழிச்சுப்புட்டேன். குப்பைத் தொட்டியையும் காலி பண்ணிட்டேன். ரெண்டுலயும் இல்ல.”

“எப்ப?”

“பத்து நிமிஷம்தான் ஆகுது. ஒடனே உங்களுக்குச் சொல்லிட்டேன். இங்க ஒரு அம்மா வேற வந்து உக்காந்திருக்காக. அவுக வீட்டுக்காரர் படம் தேடி வந்தவுக. அவுககிட்டயும் மறைக்கல, சொல்லிட்டேன்.”

பீரோவைத் திறந்து டிஸ்க்கை எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

நான் போகும்போது அந்த அம்மா முன்னறையில் காத்து உட்கார்ந்திருந்தார். பஞ்சவர்ணம் என்று பெயர். கணவர் இறந்து பத்து நாள். பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வேண்டும். “கேமராவைக் கண்டா ஓடிருவாக. எதுலயும் நிக்க மாட்டாக” என்றார். கணவர் எந்தெந்தக் கல்யாணத்துக்குப் போனார் என்று மட்டும் அந்த அம்மாவுக்கு நினைவிருந்தது. டிஸ்க்கை மாட்டினேன். அழிந்த மூன்று வருடமும் அதற்கு முந்திய மாதம் எடுத்த நகலில் அப்படியே இருந்தது. குருசாமி பெருமூச்சு விட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளினார். மண்டபம், மேடை, தாலி, மொய், பந்தி.

பந்தியில் ஒரு படம். மாப்பிள்ளை சாப்பிடுவதைத்தான் எடுத்திருக்கிறார். மாப்பிள்ளைக்குப் பின்னால் சாம்பார் வாளியோடு ஒருவர், யாரோ சொன்னதற்கு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். சாயம் போன கட்டம் போட்ட சட்டை, பை கிழிந்து தொங்குகிறது.

பஞ்சவர்ணம் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தார். அழுவார் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“சட்டையை மாத்திட்டுப் போங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்” என்றார் படத்தைப் பார்த்து. “கேட்டாகளா?”

“அதுக்கென்னம்மா” என்றார் குருசாமி. “நல்ல வெள்ளைச் சட்டையா மாத்தித் தாரேன். கோட்டு வேணும்னாலும் போட்டுரலாம்.”

அந்த அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“மாத்தாதீகண்ணே. அப்புறம் நான் எதைச் சொல்லி அவுகளை வைய?”